நடுங்கும் கை யாருடையது?

சென்ற மாத முதல் வெள்ளியன்று மருதனார்மடத்தில் முதியவர் ஒருவருக்கு நற்கருணை கொண்டுசென்றேன். காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கையொன்றில் அவர் வீடு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். வலது கை மடியிற் கிடக்கும்போதும் சும்மா கிடப்பதில்லை. மணி உருட்டுவதுபோலப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. செபம் முடிந்து நான் எழுந்தபோது, "பாதர், கொஞ்சம் இருங்கோ, ஒண்டு காட்டவேணும்" என்று சொல்லி அலுமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்தார்.

அந்தப் பை எதுவென்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காணி உறுதி, ஞானஸ்நான அத்தாட்சி, விவாகப் பதிவு என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்த பை. 1990இல் இளவாலைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தபோதும், 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமமே எழுந்து நடந்த அந்த மழை இரவிலும் அவருடைய மனைவி மார்போடு அணைத்துக்கொண்டு போன பை. அதன் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். தென்னிந்திய வைத்தியசாலை ஒன்றிலிருந்து அவருடைய தகப்பனாருக்குக் கொடுக்கப்பட்ட துண்டு. தட்டச்சில் இரண்டு வரிகள்: 1961இல் மூளையின் இடப்பக்கம், 1963இல் வலப்பக்கம். இரண்டு வரியிலும் ஒரே சொல், கீமோபலிடெக்டமி.

பேரனின் சிநேகிதரான இளம் வைத்தியர் ஒருவரிடம் இதைக் காட்டினார்களாம். அவருக்கும் அந்தச் சொல் புதிதாக இருந்ததாம். "இப்ப உப்பிடி ஒண்டும் இல்லை, ஐயா" என்றாராம்.

இல்லைதான். வைத்திய அகராதியிலிருந்து அச்சொல் ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் அதைக் காட்டிய பெரியவர் என்னிடம் கேட்ட கேள்விகள் போகவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். ஐயா செய்தது சரியோ? டொக்டர்மார் செய்தது சரியோ? இப்ப நான் செய்யாமல் விட்டால் அது பிழையோ? அன்று அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. வீடு திரும்பிய பின் வாசித்தும் யோசித்தும் பார்த்ததையே இங்கே எழுதுகின்றேன். இக்கேள்விகள் அவருடைய வீட்டோடு நிற்பவை அல்ல.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். குருமடத்தில் படித்த இலத்தீன் இத்தகைய வேளைகளில்தான் உதவுகின்றது. பலிடஸ் என்றால் வெளிறியது. மூளையின் ஆழத்தில், இரு பக்கத்திலும், சற்று வெளிர்நிறமான ஒரு முடிச்சு உண்டு. அதை வெளிறிய உருண்டை என்று பழைய உடற்கூற்று அறிஞர் அழைத்தனர். உடலின் அசைவுகளைச் சீர்படுத்தும் இடங்களில் அது ஒன்று. கீமோ என்பது இரசாயனத்தைக் குறிப்பது. எக்டமி என்ற கிரேக்க ஈறு வெட்டி எடுத்தலைக் குறிப்பது. ஆக, இரசாயனத்தால் அந்த வெளிறிய முடிச்சை வெட்டி எடுத்தல். உண்மையில் அங்கே எதுவும் வெளியே எடுக்கப்படவில்லை. மண்டையோட்டில் ஒரு சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, அதன் வழியே மதுசாரத்தைப் பாய்ச்சி, அந்த இடத்தை அங்கேயே சாகவிட்டார்கள். அழித்தல் என்று சொல்வதற்குப் பதிலாக எடுத்தல் என்று சொன்னார்கள். இதிற் கபடம் இருந்ததென்று நான் சொல்லவில்லை. எனினும் பெயர்கள் சில வேளை செயலைவிடச் சாதுவாக இருப்பதுண்டு.

இந்த முறை எப்படி வந்தது என்பது விசித்திரமான கதை. 1817இல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களுள் சிலரை அவர் வீதியிற் கண்டதோடு சரி. நோயைச் சரியாக அடையாளங் கண்டார்; மருந்து அவரிடம் இருக்கவில்லை. ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 1952இல் அமெரிக்காவில் இர்விங் கூப்பர் என்ற சத்திர சிகிச்சை நிபுணர், நடுக்கம் மிகுந்த ஒருவருடைய மூளைத் தண்டில் நரம்புப் பாதையொன்றை வெட்டப் போனார். வெட்டினால் நடுக்கம் நிற்கும், ஆனால் கையின் பலமும் போகும். அக்காலத்தில் அதற்குமேல் வழியில்லை. வெட்டுவதற்கு முன்னரே தவறுதலாக ஒரு சிறு இரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. உயிரைக் காப்பதற்காக அதைக் கவ்வியிட்டு அடைத்து, மேற்கொண்டு ஒன்றுஞ் செய்யாமல் தலையை மூடிவிட்டார். நோயாளி கண்விழித்தபோது நடுக்கமும் இல்லை, விறைப்பும் இல்லை, பலமும் குறையவில்லை. கை தவறியதால் ஒரு வழி திறந்தது. அந்தக் குழாயிலிருந்து இரத்தம் பெறும் இடங்களில் ஒன்றே அந்த வெளிறிய முடிச்சு. அதை நேரே சென்றடைந்தால் என்ன என்று கூப்பர் எண்ணியதிலிருந்து 1950களின் நடுப்பகுதியில் மதுசாரச் சிகிச்சை பிறந்தது.

நோயாளி விழித்திருக்கும்போதே இதைச் செய்தார்கள். முதலில் விறைப்பு மருந்து சிறிது செலுத்துவார்கள். கையைத் தூக்கச் சொல்வார்கள். நடுக்கம் நின்றால் இடம் சரி, பின்னர்தான் மதுசாரம். வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் நிமிடத்தை வாசகர் எண்ணிப் பார்க்கவேண்டும். இருபது ஆண்டுகளாகத் தன் சொற்கேளாத கை, கண்ணெதிரே அடங்குகின்றது. அதைப் பார்த்தவர் யாராயினும் புதுமை என்றே சொல்லியிருப்பார்.

அக்காலத்தில் நம் பக்கத்தவர்கள் இத்தகைய சிகிச்சைக்குக் கடல் கடந்து இந்தியா போனதில் வியப்பில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் டொக்டர் ஜேக்கப் சாண்டி நரம்புச் சத்திர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது. அடுத்த ஆண்டு சென்னை அரசாங்கப் பொது வைத்தியசாலையில் டொக்டர் பி. இராமமூர்த்தி தொடங்கினார். பெங்களூரில் டொக்டர் மார்த்தாண்ட வர்மா, மண்டையோட்டைத் துளைக்காமலே, அதன் அடித்தளத்தில் இயற்கையாக உள்ள துவாரமொன்றின் வழியே ஊசியைச் செலுத்தி நடுக்கவாதத்துக்குச் சிகிச்சை செய்யும் முறையொன்றைக் கண்டார். பெரும் பணமும் பெரும் கருவிகளும் இல்லாத நாட்டில் கையையும் மதியையும் நம்பிச் செய்யப்பட்ட வேலை அது. இவர்களைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை.

இனி, மருதனார்மடத்துப் பெரியவரின் தகப்பனாருக்கு நடந்தது. அவர் தையற்காரர். நாற்பது வயதளவிலேயே வலது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. ஊசியிற் கோத்த நூல் நடுங்கிற்று, கத்தரிக்கோல் நடுங்கிற்று. ஐந்து பிள்ளைகள். அதே மனிதர் தபசுகால வெள்ளிகளிற் கோயிலிற் பசாம் பாடுபவர். அவர் வியாகுலப் பிரசங்கம் எடுத்தால் முற்றத்தில் நின்றவர்களும் அழுவார்கள் என்று அயலூர்களிலும் பேச்சாம். தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ரயிலிற் போனார். முதற் சிகிச்சைக்குப் பிறகு வலது கை அடங்கிற்று. இரண்டு வருடம் நன்றாகத் தைத்தார். பின்னர் இடது கை நடுங்கிற்று. துணியைப் பிடிக்க அந்தக் கையும் வேண்டுமே. மறுபடியும் போனார். அந்தக் கையும் அடங்கிற்று. திரும்பிவந்து படலையைத் திறந்தபோது அவர் தன் மகனைக் கூப்பிட்டது மகனுக்குக் கேட்கவில்லையாம். குரல் உள்ளே போய்விட்டது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காதருகே போனாற்றான் விளங்கும். அதற்குப் பின் பதினான்கு வருடம் தையல் தைத்தார். பிள்ளைகளைப் படிப்பித்தார். பசாம் மட்டும் பாடவில்லை. பெரிய வெள்ளியன்று கோயிலின் கடைசித் தூணோடு சாய்ந்து நின்று மற்றவர்கள் பாடக் கேட்பாராம்.

நோயே குரலைத் தாழ்த்தக்கூடியது. ஆனால் நோய் தாழ்த்தினால் மெல்ல மெல்லத் தாழ்த்தும். இவருடைய குரல் போகும்போது இருந்தது, வரும்போது இல்லை. மூளையின் இரு பக்கத்தையும் இவ்வாறு அழித்தால் பேச்சுத் தடிக்கும், குரல் அமிழும் என்பதை உலகெங்கும் வைத்தியர்கள் அனுபவத்திற் கண்டு, இரண்டாம் பக்கத்தைத் தொடத் தயங்கலானார்கள்.

வேதனை தருவது இன்னொன்று. அந்த ஏழைத் தையற்காரர் கப்பலேறிய ஆண்டிலேயே, 1961இல், வியன்னாவில் பிர்க்மயர், ஹோர்னிகீவிச் என்ற இருவர் நடுக்கவாத நோயாளிகளுக்கு லெவோடோபா என்ற பொருளை ஊசிமூலம் ஏற்றி, அசையமாட்டாதவர் எழுந்து நடப்பதைக் கண்டார்கள். மூளையில் டோபமின் என்ற இரசாயனம் குறைவதே நோயின் காரணம் என்பது அதற்குச் சற்று முன்னர் தெரிந்திருந்தது. 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் அதை வாய்வழி மருந்தாகக் கொடுத்து வெற்றி கண்டார். சில ஆண்டுகளுக்குள் சத்திர சிகிச்சை மேசைகள் வெறுமையாயின. கீமோபலிடெக்டமி என்ற சொல்லும் பழைய ஏடுகளுக்குள் ஒதுங்கிற்று. இதிலும் ஒரு விசித்திரம்: நமது வேலிகளில் ஏறும், தொட்டாற் சொறியும் பூனைக்காலிக் கொடியின் விதையில் அந்த லெவோடோபா உண்டு என்பதை 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாமோதரன், இராமசுவாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். மருந்து வேலியிற் கிடந்தது. எந்த நோய்க்கு மருந்து என்பது தெரிய இன்னும் இருபத்துநான்கு வருடம் வேண்டியிருந்தது. (இதை வாசித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையை இடித்துக் குடிக்கப் புறப்படவேண்டாம். அளவு தெரியாத மருந்து ஆபத்து.)

அப்படியாயின் டொக்டர்மார் செய்தது பிழையா? பின்னால் வந்த அறிவைக்கொண்டு முன்னே நின்றவரைக் குற்றவாளி ஆக்குவது நீதியன்று. மருந்து இல்லாத காலத்தில், உள்ள வழிகளுட் குறைந்த தீங்கானதைத் தேடினார்கள். ஓர் உறுப்பின் ஒரு பகுதியை முழு மனிதனின் நன்மைக்காக இழக்கலாமா என்ற கேள்விக்குத் திருச்சபை பழங்காலத்திலேயே விடை சொல்லியிருக்கின்றது. அழுகிய உறுப்பை உடல் முழுவதன் நலத்துக்காக வெட்டுவது தகும் என்று புனித தோமஸ் அக்குயினாஸ் 13ஆம் நூற்றாண்டில் எழுதினார். உறுப்பு உடலுக்காக இருக்கின்றது. அதற்கென்று வேறொரு வாழ்வில்லை.

ஆனால் மூளை கையைப் போன்ற உறுப்பா? இங்கேதான் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் உதவிக்கு வருகின்றார். கூப்பரின் கை தவறிய அதே 1952ஆம் ஆண்டு செப்ரெம்பரில், உரோமையிற் கூடிய நரம்பியல் அறிஞர் மாநாட்டுக்கு அவர் ஓர் உரை ஆற்றினார். நம்மிற் பலர் அதைக் குருமடத்தில் பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்தோம். வைத்தியத்தில் புதிய முறைகளை நியாயப்படுத்தச் சொல்லப்படும் காரணங்களை அவர் மூன்றாகப் பிரித்தார்: அறிவியலின் நலன், நோயாளியின் நலன், சமூகத்தின் நலன். மூன்றையும் மதித்தார், மூன்றுக்கும் எல்லை கட்டினார். அறிவு நல்லதுதான், ஆனால் எல்லா நன்மைக்கும் மேலான நன்மை அல்ல. நோயாளியின் சம்மதமின்றி வைத்தியருக்கு அவர்மேல் அதிகாரமில்லை. நோயாளிகூடத் தன் உடலுக்கும் உள்ளத்துக்கும் முழு எசமானர் அல்லர். அனுபவிக்கும் உரிமை பெற்றவர் மட்டுமே. முழுமையின் நன்மைக்காகப் பகுதியை விடலாமே தவிர, நினைத்தபடி அழிக்க முடியாது. மூன்றாவது எல்லைதான் மிக முக்கியமானது. கை உடலின் பகுதியாக இருப்பதுபோல மனிதன் சமூகத்தின் பகுதியாக இல்லை. ஆகவே சமூகத்தின் வசதிக்காக ஒரு மனிதனை வெட்டிக் குறைக்க யாருக்கும் உரிமையில்லை. நாசிகளின் வதைமுகாம்களில் வைத்தியர்கள் செய்தவை வழக்கு மன்றத்தில் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அவர் யாரை நினைத்துப் பேசினார் என்பது எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

இந்த அளவுகோலால் அளந்தால் தையற்காரரின் சிகிச்சை நிற்கின்றது என்றே நான் எண்ணுகின்றேன். நடுங்கியது அவருடைய கை. போனவர் அவர். முதன்முறை என்னவென்று தெரிந்துகொண்டே இரண்டாம் முறையும் போனார். கிடைத்த கையும் அவருக்கே கிடைத்தது. குரல் போகலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தால், அவர் கொடுத்தது காணிக்கை. சொல்லப்படாதிருந்தால், அவரிடமிருந்து ஒன்று கேளாமல் எடுக்கப்பட்டது. கை வேண்டும் என்ற ஆசையில் அவர் அதற்கும் சம்மதித்திருப்பார் என்று நாம் சொல்லலாம். ஆனால் அந்த ஆமாவை அவர் வாயாற் சொல்ல விட்டிருக்கவேண்டும். பேசக்கூடிய வாய் இருந்தபோதே.

அதே ஊசி வேறொரு பக்கம் திரும்பியபோது நடந்ததையும் சொல்லாமல் விடமுடியாது. மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியைக் குறி தவறாமல் சென்றடையும் கருவி, நடுக்கவாதத்துக்காகக் கைப்பழக்கமானபின், நடுக்கம் இல்லாதவர்களிடமும் கொண்டுபோகப்பட்டது. 1960களிலும் 70களிலும் சென்னையில் டொக்டர் வி. பாலசுப்பிரமணியம், டொக்டர் இராமமூர்த்தி ஆகியோரின் குழுவினர், ஓரிடத்தில் இராத, அடிக்கும், உடைக்கும், தம்மையே காயப்படுத்தும் நோயாளிகளுக்கு, வாதுமைக் கொட்டை வடிவான அமிக்டலா என்ற பகுதியை அழித்துச் சிகிச்சை செய்தார்கள். அதைச் சாந்தப்படுத்தும் நரம்புச் சத்திர சிகிச்சை என்று பெயரிட்டு, 1970ஐ அண்டிய ஆண்டுகளில் சர்வதேசச் சஞ்சிகைகளில் எழுதினார்கள். நோயாளியை அமைதியானவராகவும் கையாளக்கூடியவராகவும் ஆக்குவதே அதன் நோக்கம் என்று மறைக்காமலே எழுதினார்கள். அந்த நோயாளிகளுட் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

கல்லெறிய அவசரப்படவேண்டாம். மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டு இரவும் பகலும் ஓடித்திரியும் பிள்ளையைத் தூணிற் கட்டிவைத்துவிட்டு வயலுக்குப் போகும் தாயை நானே கண்டிருக்கின்றேன். அவளுக்குப் பாடசாலையும் இல்லை, பராமரிப்பு இல்லமும் இல்லை, அயலவரின் இரக்கமும் இல்லை. கயிற்றைவிட ஊசி நல்லது என்று வைத்தியர் எண்ணியிருந்தால் அது கொடுமையால் எழுந்த எண்ணமன்று. ஆயினும் கையாளக்கூடியவர் என்ற அந்தச் சொல்லில் என் மனம் தடக்கி நிற்கின்றது. யார் கையாள? நடுங்கும் கையை அடக்கியபோது, அடங்கிய கை அதன் சொந்தக்காரனுக்கே திரும்பிக் கிடைத்தது. அவன் அதனால் தைத்தான். பிள்ளையை அடக்கியபோது, அடங்கிய பிள்ளை யாருக்குக் கிடைத்தது? வீட்டுக்கு, வாட்டுக்கு, அயலுக்கு. பிள்ளைக்கும் ஓரளவு கிடைத்திருக்கலாம். கட்டவிழ்ந்து வெயிலில் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாதவரிடம் செய்யும்போது இரட்டிப்பு நடுக்கத்தோடு செய்யவேண்டியது அது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்காக மூளையிற் செய்யும் சத்திர சிகிச்சைக்கு நோயாளியின் அறிந்த சம்மதமும் வேண்டும், சபையொன்றின் அனுமதியும் வேண்டும் என்று விதித்திருக்கின்றது. சட்டம் வர நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இவ்வளவும் பழைய கதை என்று மருதனார்மடத்துப் பெரியவரிடம் நான் சொல்லியிருக்க முடியும். சொல்ல முடியாமற் போனதற்குக் காரணம் அவருடைய மூன்றாவது கேள்வி.

அவருடைய பிள்ளைகள் மூவரும் கனடாவில். ஞாயிறு தோறும் தொலைபேசித் திரையிற் பேசுகின்றார்கள். திரையிற் பேசும் பழக்கம் வந்தபின், முன்பு கடிதத்தில் தெரியாத நடுக்கம் இப்போது முகத்துக்கு முன்னே தெரிகின்றது. மகள் அழுகின்றாள். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சில் தோலுக்கடியிற் பொருத்திய சிறு பற்றரியால் மின்துடிப்புக் கொடுக்கும் சிகிச்சையை இந்தியாவிற் செய்விக்கவேண்டும் என்று மூவரும் காசு சேர்த்துவிட்டார்கள். பிரான்சில் கிரனோபிள் நகரில் 1987இல் பெனாபிட் என்ற நிபுணர் தொடங்கிய முறை அது. பழைய முறையோடு ஒப்பிட்டால் ஒழுக்கவியல் நோக்கிலும் பெரிய முன்னேற்றம் என்பேன்: அழிப்பதில்லை. மின்துடிப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். பேச்சுத் தடித்தால் அளவை மாற்றிப் பார்க்க இடமுண்டு. மதுசாரம் போன பாதையில் திரும்பி வர வழியிருக்கவில்லை. இதில் ஓரளவு இருக்கின்றது. (அழிக்கும் முறையும் முற்றாகச் சாகவில்லை. மருந்து காலப்போக்கிற் சலித்துப்போவதைக் கண்டபின், 1992இல் சுவீடனில் லைட்டினென் அதே வெளிறிய முடிச்சைச் சூட்டினால் அழிக்கும் முறையை மீண்டும் எழுப்பினார். இன்று ஒலியலைகளைக் குவித்து, தலையைத் திறக்காமலே மூளையின் வேறொரு புள்ளியைச் சுட்டு நடுக்கத்தை அடக்குகின்றார்கள். சொல் போயிற்று, செயல் வேறு பெயரில் வந்து நிற்கின்றது.)

நான் அவரிடம் கேட்டேன்: "உங்களுக்கு இந்த நடுக்கத்தால் என்ன கரைச்சல்?"

கொஞ்சம் யோசித்தார். "சட்டைத் தெறி போட ஏலாது. தேத்தண்ணி ஊத்துண்ணும். மருந்து எடுத்தால் மத்தியானம் மட்டும் பரவாயில்லை. எனக்கு உது பெரிய கரைச்சலில்லை, பாதர். பிள்ளையளுக்குத்தான் பாக்கேலாமல் கிடக்கு."

பிள்ளைகளின் அன்பைச் சந்தேகிக்க நான் யார்? ஆயினும் பாப்பரசர் கட்டிய மூன்றாவது எல்லையை நான் அந்த விறாந்தையில் கண்டேன். பிறருடைய நிம்மதிக்காக ஒருவருடைய தலைக்குள் கைவைப்பது என்பது வதைமுகாமில் மட்டும் நடப்பதன்று. அன்பு மிகுந்த வீட்டிலும் நடக்கலாம். பார்க்க முடியவில்லை என்ற சொல் பாசத்திலிருந்துதான் வருகின்றது. ஆனால் பார்க்க முடியாதவருடைய நோய் அல்ல அது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு குழியும் உண்டு. துன்பம் சர்வேசுரன் தந்த சிலுவை, சுமந்துகொண்டு இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது நம்மைப் போன்ற குருக்களுக்கு மிகவும் எளிது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தமது கடைசி ஆண்டுகளில் இதே நோயோடு, வளைந்த முதுகோடும் அடைபட்ட குரலோடும் உலகத்தின் முன் ஒளியாமல் நின்று 2005 ஏப்பிரல் 2இல் காலமானார். அவருடைய முன்மாதிரியை எடுத்து நோயாளிகளின் வாயை மூடுவதற்குப் பயன்படுத்தும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கின்றேன். ஒருமுறை நானே செய்துமிருக்கின்றேன் என்று வெட்கத்தோடு சொல்கின்றேன். நோவைத் தணிக்கும் மருந்தை ஏற்பது குற்றமல்ல என்று 12ஆம் பத்திநாதர் 1957இலேயே தெளிவாகக் கூறிவிட்டார். அதே ஆண்டு, பெருஞ்சுமையான அசாதாரணச் சிகிச்சைகளை ஏற்க ஒருவர் கடமைப்பட்டவரல்லர் என்றும் கூறினார். ஆகவே பெரியவரின் மூன்றாவது கேள்விக்கு விடை: செய்யாமல் விட்டால் பிழையில்லை. செய்தாலும் பிழையில்லை.

இந்த விடையோடு நான் நின்றிருந்தால் அது பரீட்சைத்தாளுக்குப் போதும். அவருக்குப் போதாது. ஏனென்றால் அவர் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு காரணம் உள்ளே இருந்தது. அலுமாரியிலிருந்து அந்தத் துண்டை ஏன் எடுத்துக் காட்டினார்? படலையில் நின்று தகப்பன் கூப்பிட்டது கேட்காத அந்தப் பத்து வயதுப் பையன் இன்னும் அவருக்குள் நிற்கின்றான். 1963இன் மதுசாரத்துக்குப் பயந்து இன்றைய மின்கம்பியை மறுப்பதும், பிள்ளைகளின் கண்ணீருக்காக அதை ஏற்பதும் இரண்டும் அவருடைய தீர்மானங்கள் ஆகா. முதலாவதைத் தகப்பன் தீர்மானிக்கின்றார், இரண்டாவதைப் பிள்ளைகள். நடுவிலுள்ள மனிதர் எங்கே?

சுவிசேஷத்தில் எரிக்கோ வீதியோரம் இருந்த குருடன் பர்த்திமேயு கூவி அழைத்தபோது, ஆண்டவர் அவனைக் கிட்டக் கூப்பிட்டு, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கின்றார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆண்டவருக்குத் தெரியாமலா? ஆனாலும் கேட்டார், அவன் சொல்லும்வரை காத்திருந்தார். சற்று முன்னர்தான் அந்தக் கூட்டம் அவனைச் சத்தம் போடாதே என்று அதட்டியிருந்தது. இந்தப் பகுதியைப் பத்துத் தடவையாவது பிரசங்கித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் பார்வை வந்ததைப் பற்றியே பிரசங்கித்தேன். கேட்டதைப் பற்றி ஒருபோதும் பிரசங்கித்ததில்லை.

சென்ற கிழமை மீண்டும் மருதனார்மடம் போனேன். அந்தச் சிகிச்சையைப் பற்றி நான் வாசித்தறிந்ததைச் சொன்னேன்: இது அழிப்பதன்று என்பதை, ஆபத்து முற்றாக இல்லாததன்று என்பதை, எல்லா வயதினருக்கும் எல்லா உடம்புக்கும் பொருந்தாது, பரிசோதித்த வைத்தியரே சொல்லவேண்டும் என்பதை. கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "குரல் போகாதெண்டு ஆரும் எழுதித் தருவினமோ?" என்றார். அப்படி ஒருவரும் எழுதித் தரமாட்டார்கள் என்றேன். சிரித்தார். இன்னும் தீர்மானிக்கவில்லை என்றார். முதலில் கொழும்பில் ஒரு நரம்பியல் வைத்தியரைத் தானே போய்க் கண்டு, தானே கேட்கப் போகின்றாராம். ஐயாவுடைய துண்டையும் கொண்டுபோவாராம்.

அதற்கு முன் பிள்ளைகளோடு பேசவேண்டும். வரும் ஞாயிறு இரவு ஏழரைக்கு, அங்கே காலை பத்து மணி, பூசைக்குப் போய் வந்திருப்பார்கள். என்னையும் வரச் சொன்னார். உங்களுக்காக நான் எடுத்துச் சொல்லவேண்டுமா என்று கேட்டேன்.

"இல்லை, பாதர், நானே கதைக்கிறன். நீங்கள் பக்கத்தில இருந்தால் காணும்" என்றார்.